இடைவேளைக்கு முன் விழுந்த கூடை

ஷரீஃபுன்னிசா எழுதும் எண்கள் அழகாக இருக்கும். ஒன்றையும் ஏழையும் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. பூஜ்யம் வாய் திறந்து கிடக்காது. அந்த ஒரு தகுதியால்தான் பம்பாயில் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு அவள் ஸ்கோர் எழுதப் போனாள்.

அவளுடைய வேலை வேறு. தாராவியில் இருந்த தொழிலாளர் நல மையத்தில் தையல் டீச்சர். கடையநல்லூரில் எட்டாவது வரை படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். 1966-இல் முப்பத்தொரு வயது. கணவன் ஜமாலுக்குக் குர்லாவில் சின்னதாய் ஓர் இரும்புப் பட்டறை. மையத்து முற்றத்தில் இருந்த கூடைப்பந்து வளையங்கள் துருவேறி விழுந்தபோது, புதிதாக இரண்டு அடித்துக் கொடுத்தவன் அவன்தான். முதலில் அடித்த ஒன்று அரை அங்குலம் குறைந்துவிட்டது. வட்டாரக் கூடைப்பந்துச் சங்கத்தின் செக்ரட்டரி பிரம்மநாயகம் நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஜமால் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடித்தான்.

பிரம்மநாயகம் மாட்டுங்காவில் ரயில்வே ஆபீஸ் கிளார்க். சம்பளமில்லாமல் சங்கத்துக்கு உழைப்பவர். ஒருமுறை ஸ்கோர் எழுதுகிறவர் வராமல் போகவே, மையத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தக் கையெழுத்து யாரோடது?" என்று கேட்டார். அன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவள்தான் ஷரீஃபுன்னிசா. இரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

மையத்து அணியில் பதினோரு பெண்கள். கேப்டன் பூமாரி, ஸயானில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் நிரப்புகிறவள். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் நூர் நிஷா. ஜமாலின் தங்கை, பத்தொன்பது வயது, அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணியான ஷரீஃபுன்னிசாவை ஊர் வழக்கப்படி 'மைனி' என்று கூப்பிடுவாள். சல்வாரும் முழுக்கைச் சட்டையுமாகத்தான் அவள் ஆடுவது. அதற்கே ஜமாலிடம் ஷரீஃபுன்னிசா ஒரு மாதம் பேச வேண்டியிருந்தது.

அந்தச் செப்டம்பரில் பிரம்மநாயகம் மையத்துக்கு வந்து, கரும்பலகையில் ஏணி மாதிரி ஒரு படம் போட்டார். எங்கோ வெளிநாட்டில் ஆசியப் பெண்கள் போட்டி நடக்கப்போகிறது என்றும், இந்தியா அணி அனுப்பினாலும் அனுப்பலாம் என்றும் பேச்சு இருந்த நேரம்.

"அடிப்படி இது. நம்ம வட்டாரத்துல மாட்டுங்கா, செம்பூர், தாராவி, மூணு டீம். முதல் ரெண்டு டீம் சிட்டி ஃபைனல்ஸ் போகும். அங்க நல்லா ஆடுறவங்களப் பம்பாய் டீமுக்கு எடுப்பாங்க. அப்புறம் நேஷனல்ஸ். அங்கேருந்து இந்தியா டீம்."

"இந்தியா டீம் ஆயிட்டா நேரா உலகப் போட்டிக்குப் போயிரலாமா சார்?" என்று நூர் நிஷா கேட்டாள்.

"அதெப்படி? உலகத்துல எத்தனை தேசம் இருக்கு! எல்லாரும் வந்து நின்னா இடம் ஏது? தேசங்களும் நம்மள மாதிரி குழு குழுவா முதல்ல ஆடணும். குழுவுல முதல் ஒண்ணோ ரெண்டோதான் உள்ள. மத்தவங்க பெட்டியக் கட்டணும்."

"ரெண்டு டீமு சமமா நின்னா?" பூமாரி கேட்டாள்.

"கோல் ஆவரேஜ் பாப்பாங்க. போட்டது எத்தனை, வாங்கினது எத்தனைன்னு. தேசமா இருந்தாலும் சரி, தாராவியா இருந்தாலும் சரி, ஒரே விதிதான்."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மூன்று ஆட்டங்களும் மாட்டுங்காவில் ஒரு சிமெண்டுத் தளத்தில் நடந்தன. சனிக்கிழமை மாட்டுங்கா 51, தாராவி 44. தோற்றாலும் நூர் நிஷா ஒருத்தியே பதினெட்டுப் பாயிண்டு எடுத்திருந்தாள். ஞாயிறு காலை தாராவியும் செம்பூரும் மோதின. அந்த ஆட்டம்தான் ஷரீஃபுன்னிசாவின் வாழ்க்கையில் மூன்று நாளைத் தின்றது.

செம்பூர் கேப்டன் மோகினி, சிந்திக் குடும்பத்துப் பெண். உயரமானவள், அதிகம் பேசாதவள். முதல் பாதி முடிய இரண்டொரு விநாடிதான் இருக்கும். நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஷரீஃபுன்னிசா செம்பூரின் பாதிக் கணக்கைப் 'பதினொன்று' என்று கட்டத்தில் எழுதி முடித்துவிட்டாள். அப்போது மோகினி தூரத்திலிருந்து பந்தை வீசினாள். விசில் ஊதும்போது பந்து காற்றில் இருந்தது, வளையத்துக்குள் விழுந்தது. நடுவர் இரண்டு விரலை உயர்த்தி, கூடை செல்லும் என்றார். ஷரீஃபுன்னிசா மோகினியின் பெயருக்கு நேரே இரண்டு பாயிண்டுக்கான கோடு போட்டாள். ஆனால் ஏற்கனவே எழுதிய பதினொன்று பதினொன்றாகவே நின்றுவிட்டது.

இரண்டாம் பாதியில் செம்பூருக்குப் பதினேழு. ஆட்டம் முடிந்ததும் கூட்டி எழுதினாள்: தாராவி 34, செம்பூர் 28. கையெழுத்துப் போட வந்த மோகினி தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"தீஸ் நஹீ, தீதீ?" முப்பது இல்லையா அக்கா என்று கேட்டாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தாள்கள் நனைந்துவிடுமோ என்ற கவலையில் இருந்தாள் ஷரீஃபுன்னிசா. "அட்டாயிஸ். கின் லோ," என்றாள். இருபத்தெட்டுத்தான், வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்.

மோகினி எண்ணவில்லை. அவள் அணிப் பெண்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சிவந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மதியம் மழை கொட்டியது. மாலையில் மழை விட்டு, ஈரத் தளத்தில் செம்பூரும் மாட்டுங்காவும் வழுக்கி வழுக்கி ஆடின. தோல்பந்து தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. கூடை விழுவதே அபூர்வம். செம்பூர் 18, மாட்டுங்கா 16. ஆக, மூன்று அணிக்கும் தலா ஒரு வெற்றி, ஒரு தோல்வி. பிரம்மநாயகம் குடைக்கடியில் நின்று கணக்குப் போட்டு அறிவித்தார்: மாட்டுங்கா முதலிடம், தாராவி இரண்டாமிடம். செம்பூர் வெளியே.

பூமாரி நூர் நிஷாவைத் தூக்கிச் சுற்றினாள். ஜமால் கிங்ஸ் சர்க்கிளில் ஜிலேபி வாங்கி அணிக்கே கொடுத்தான். விரலெல்லாம் பாகாக எல்லோரும் நடந்தே தாராவி திரும்பினார்கள்.

திங்கட்கிழமை பிற்பகல், தையல் வகுப்பு முடிந்தபின், சங்கத்துக்கு அனுப்ப ஸ்கோர் தாள்களைக் கார்பன் வைத்துப் பிரதி எடுக்க உட்கார்ந்தாள் ஷரீஃபுன்னிசா. ஒவ்வொரு ஆட்டக்காரியின் கோடுகளையும் எண்ணிக்கொண்டே வந்தாள். செம்பூரின் முதல் பாதி பதின்மூன்று வந்தது. கட்டத்தில் பதினொன்று இருந்தது. மறுபடி எண்ணினாள். ஊசி நுனியால் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு மூன்றாம் முறையும் எண்ணினாள். மோகினியின் வரிசையில் கடைசிக் கோடு, கட்டத்தின் ஓரத்தில், மற்றவற்றைவிட அழுத்தமாக நின்றது.

பதின்மூன்றும் பதினேழும் முப்பது.

வெட்டும் மேஜை மேல் சாக்கட்டியால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தாராவி இரண்டு ஆட்டத்திலும் போட்டது எழுபத்தெட்டு, வாங்கியது எண்பத்தொன்று. மூன்று குறைவு. செம்பூர் போட்டது நாற்பத்தெட்டு, வாங்கியது ஐம்பது. இரண்டுதான் குறைவு. செம்பூர் உள்ளே, தாராவி வெளியே. சாக்கட்டிக் கோடுகளைக் கையால் அழித்தாள். உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது.

இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தாள் கோப்புக்குள் போகும், கோப்பு அலமாரிக்குள் போகும். எப்போதாவது யாராவது கண்டுபிடித்தால், நாத்தனாருக்காகச் செய்தாள் என்பார்கள். அதுகூட அவளை அவ்வளவு உறுத்தவில்லை. 'கின் லோ' என்று தான் சொன்ன தொனியும், அந்தப் பெண் முகம் சிவந்து குனிந்ததும்தான் திரும்பத் திரும்ப வந்தன.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவளிடம் ஜமால் என்னவென்று கேட்டான். சொன்னாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல."

"அப்ப நீ ஏன் சாப்பிடாம இருக்க?"

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். ஜமால் கை கழுவிவிட்டு வந்தான். "நூருகிட்ட நீயே சொல்லிரு. வேற ஒருத்தர் வாயால அவ கேக்கக் கூடாது."

நூர் நிஷா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"என்ன மைனி சொல்லுதிய? ஜெயிச்சது நாங்கதான?"

"ஜெயிச்சது நீங்கதான். ஆனா ரெண்டு பாயிண்டு கூடிட்டுன்னா ஆவரேஜ் மாறிருது. நாம போக முடியாது."

"தெரியாம நடந்தது தெரியாமலே போகட்டுமே. செக்ரட்டரி கேட்டாரா? அந்தச் செம்பூர்க்காரி கேட்டாளா?"

"கேட்டா நூரு. அவ கேட்டா. நான்தான் இல்லன்னுட்டேன்."

நூர் நிஷா துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை டீயைக்கூட மைனி கையிலிருந்து வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பூமாரி மையத்துக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் செருப்பு நுனியால் தரையைக் கீறினாள்.

"நாளைக்கு சிட்டி ஃபைனல்ஸுக்கு லிஸ்டு போயிருமே டீச்சர்."

"அதான் இன்னைக்கே போறேன்."

"நானும் வாரேன். தனியாப் போனா நீங்க பேச மாட்டிய, அழுதுருவிய."

இருவரும் ரயில்வே பாலம் ஏறி இறங்கி மாட்டுங்காவுக்கு நடந்தார்கள். பிரம்மநாயகத்தின் வீடு இரண்டாம் மாடி. அவர் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தார். மனைவி பார்வதியம்மாள் இவர்களைக் கண்டதும் காப்பி போட உள்ளே போனாள். ஷரீஃபுன்னிசா உட்காரவில்லை. தாளை நீட்டி, மோகினியின் வரிசையில் கடைசிக் கோட்டைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். அழவில்லை.

பிரம்மநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அறிவிச்சாச்சு. ரெண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்டாச்சு. கையெழுத்துப் போட்ட ஷீட்டுதான் கணக்கு. இப்ப வந்து நின்னா நான் என்னம்மா பண்றது? நான் இதப் பாக்கவே இல்லன்னு வச்சுக்கலாம்."

"பாத்துட்டீங்களே சார்," என்றாள் ஷரீஃபுன்னிசா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "முப்பதுதான்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு பூமாரியைப் பார்த்தார். "நீ கேப்டன். நீ என்ன சொல்ற?"

"போட்ட கூடை போட்டதுதான சார்," என்றாள் பூமாரி. அவள் குரலில் உற்சாகம் ஒன்றும் இல்லை.

"சரி. அப்ப முதல்லேருந்து போடுவோம்."

"போட்டுட்டேன் சார். நாங்க மூணு கம்மி, அவங்க ரெண்டு கம்மி. நாங்க வெளிய."

"எப்படிப் போட்ட? கழிச்சா?"

"ஆமா சார்."

"கோல் ஆவரேஜ்னா கழிக்கிறது இல்லம்மா. வகுக்கிறது. போட்டத, வாங்கினதால வகுக்கணும்."

இருவரும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் பழைய காலண்டர் தாளொன்றைக் கிழித்துத் திருப்பி வைத்துப் பென்சிலைச் சீவினார்.

"செம்பூர் சுலபம். நாப்பத்தெட்டு வகுத்தல் அம்பது. புள்ளி ஒம்பது ஆறு. மீதி இல்ல. அதுக்கப்புறம் சைபர்தான்." அதை ஓர் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டார். "இப்ப நீங்க. எழுபத்தெட்டு வகுத்தல் எண்பத்தொண்ணு."

ஷரீஃபுன்னிசா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பென்சில் மெல்ல நகர்ந்தது. புள்ளி வைத்தார். முதல் எண் ஒன்பது. சமம். கழித்து, சைபர் சேர்த்து, மறுபடி வகுத்தார். இரண்டாவது எண் ஆறு. அதுவும் சமம். பூமாரி தாளின் மேல் குனிந்தாள். காப்பியோடு வந்த பார்வதியம்மாள் நிலைப்படியில் நின்று, "என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். பிரம்மநாயகம் தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

"மீதி இருபத்திநாலு. சைபர் சேத்தா இருநூத்தி நாப்பது. எண்பத்தொண்ணு எத்தனை தடவை போகும்?"

"ரெண்டு," என்றாள் ஷரீஃபுன்னிசா.

"ரெண்டு. அவங்களுக்கு அந்த இடத்துல என்ன?"

"சைபர்."

"அவ்வளவுதான். நீங்க முன்னால இருக்கீங்க. மழையில அவங்க ஆட்டத்துல கூடையே விழல. அதனால அந்த ரெண்டு கம்மியே அவங்களுக்குப் பெருசாப் போச்சு. நீங்க நிறையப் போட்டு நிறைய வாங்கினீங்க. மூணு கம்மி உங்களுக்குச் சின்னது."

பூமாரி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஷரீஃபுன்னிசா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கொடுத்த காப்பியை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். பார்வதியம்மாள் பதறித் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போதுதான் ஷரீஃபுன்னிசாவுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. பிரம்மநாயகம் தர்மசங்கடத்தோடு காலண்டர் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் திருத்தின ஷீட்டையே அனுப்புறேன். செம்பூருக்கும் ஒரு லெட்டர் போட்டுடறேன்."

"லெட்டர் வேண்டாம் சார். நானே போய்ச் சொல்லுதேன்," என்றாள் அவள்.

வீட்டில் நூர் நிஷா அடுப்பங்கரையில் இருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. ஷரீஃபுன்னிசா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "நூரு, போறோம். சிட்டி ஃபைனல்ஸ் போறோம்," என்றாள்.

"அவரு ஒத்துக்கிடலயா?"

"ஒத்துக்கிட்டாரு. முப்பதுன்னு திருத்தியாச்சு. திருத்தியும் போறோம்."

நூர் நிஷா கரண்டியோடு திரும்பினாள். விஷயம் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது எண்ணைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அது ரெண்டா இல்லாம சைபரா இருந்திருந்தா?" என்றாள்.

"இருந்திருந்தா நீ என்கூட இன்னும் பேசாம இருந்திருப்ப."

"ஒரு வாரம் பேசிருக்க மாட்டேன்," என்று ஒத்துக்கொண்டாள் நூர் நிஷா. பிறகு எழுந்து மைனிக்குத் தட்டு வைத்தாள். ஷரீஃபுன்னிசா இரண்டு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டாள். ஜமால் ஒன்றும் கேட்காமல், தன் பங்குக் கறியையும் அவள் தட்டில் தள்ளிவிட்டான்.

புதன்கிழமை பிற்பகல் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறிச் செம்பூர் போனாள். மோகினியின் வீடு சிந்தி முகாமில், வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்த மோகினி, ஸ்கோர் எழுதும் தீதி தன் வாசலில் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். உள்ளே கூட்டிப்போய் அப்பளமும் தண்ணீரும் வைத்தாள். ஷரீஃபுன்னிசா தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொல்லி, ஸ்கோர் தாளின் கார்பன் பிரதியைக் காட்டினாள்.

மோகினி நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். "அப்படியானால் நாங்கள் உள்ளே வருகிறோமா?" என்று கேட்டாள்.

"இல்லை. அப்படியும் வெளியேதான்."

பிரம்மநாயகம் கொடுத்தனுப்பிய காலண்டர் தாளை விரித்து வகுத்தலைக் காட்டினாள். மோகினி தலையசைத்தாள். ஏமாற்றம் முகத்தில் தெரியத்தான் செய்தது. ஆனால் அடுத்து அவள் சொன்னதை ஷரீஃபுன்னிசா எதிர்பார்க்கவில்லை. அன்று மைதானத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம், எண்ணத் தெரியாத கேப்டன் என்று தோழிகள் கேலி செய்தார்களாம். தனக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். விசில் ஊதும்போது பந்து கையில் இருந்ததா, காற்றில் இருந்ததா, அந்தக் கூடை விழுந்ததா, விழுந்ததாக நினைத்துக்கொண்டேனா என்று மூன்று நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தாளாம்.

"கிரா தா நா, தீதீ?" விழுந்ததுதானே என்று கேட்டாள்.

"கிரா தா. மேனே தேக்கா," என்றாள் ஷரீஃபுன்னிசா. விழுந்தது, நான் பார்த்தேன்.

மோகினி வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "முப்பது! முப்பதுதான்!" என்று அவள் கத்தியதைக் கேட்டு, ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சிட்டி ஃபைனல்ஸில் தாராவி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஒன்பது பாயிண்டு வித்தியாசம். வகுத்தாலும் கழித்தாலும் தோல்விதான். ஆனால் தேர்வுக்குழு நூர் நிஷாவைப் பம்பாய் அணிக்கு எடுத்தது. நேஷனல்ஸுக்கு ரயில் ஏறி, மூன்று ஆட்டத்தில் கொஞ்சக் கொஞ்ச நேரம் ஆடித் திரும்பினாள். இந்திய அணிவரை அவள் போகவில்லை. அடுத்த வருஷம் நடந்த வட்டாரப் போட்டியில் செம்பூர் முதலிடம் பிடித்தது. மோகினி அன்று எடுத்தது இருபத்திரண்டு.

ஷரீஃபுன்னிசா இன்னும் பல வருஷம் ஸ்கோர் எழுதினாள். இடைவேளைக்கு விசில் ஊதினால், அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கேப்டன்களையும் மேஜைக்குக் கூப்பிடுவாள். "எண்ணிக்கோங்க," என்பாள், தமிழிலும் இந்தியிலும். அவர்கள் எண்ணி முடிக்கும்வரை அவசரப்படுத்த மாட்டாள். நடுவர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். அவள் பாட்டுக்குத் தாளைக் கேப்டன்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தைரியமாக எண்ணச் சொல்லி அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரிப்பாள்.